வீட்டு பிரிண்டரில் தபால்தலை அடிக்க வழி கண்டவர் யார்?

கேள்வி இது: "அமெரிக்காவில் வீட்டுக் கணினியிலேயே தபால்தலை அச்சடித்து ஒட்டுகிறார்களே, அதைக் கண்டுபிடித்தது ஸ்டாம்ப்ஸ்.காம் தானா? வேறு நாட்டிலிருந்து குடியேறிய ஒருவர்தான் இந்தத் தொழிலை உருவாக்கினார் என்று எங்கோ படித்தேன். அவர் பெயர் ஏன் யாருக்கும் தெரியவில்லை? அப்புறம், ஒரு தடவை அச்சடித்ததை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், இல்லை. ஸ்டாம்ப்ஸ்.காம் இந்தத் தொழிலில் பிழைத்துக்கொண்டு பெரிதாக வளர்ந்த கம்பெனி. கணினியில் தபால்தலை அச்சிடும் முறைக்கு ஆரம்பத்திலேயே காப்புரிமை வாங்கி, அதை வைத்து ஒரு கம்பெனியையும் தொடங்கியவர் சலீம் காரா. குடியேறி வந்தவர் என்று நீங்கள் படித்தது அநேகமாக வால்டர் போஸைப் பற்றி இருக்கும். அவர் இதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தியவர். இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும், ஏனென்றால் இரண்டு காலத்திலும் சிக்கல் ஒன்றேதான்: தபால்தலை என்பது பணம். அதை அடிக்கும் மெஷினை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் போய் நின்றால் எந்த அரசு "சரி" என்று சொல்லும்?

கதை சிகாகோவில், சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் விற்கும் ஒரு கடையில் தொடங்குகிறது. அங்கே வேலை பார்த்த ஆர்தர் பிட்னி, அமெரிக்காவிலேயே பிறந்தவர். அந்தக் காலத்து அலுவலகங்களில் தபால்தலைத் திருட்டு பெரிய தொல்லை. மேசை இழுப்பறையில் இருக்கும் தலைகளைப் பையன்கள் எடுத்துப் போய் விற்றுவிடுவார்கள். அதைத் தடுக்கவே சில கம்பெனிகள் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளைத் தலைகளில் ஊசித் துளைகளாகக் குத்தி வைத்தன. பிட்னி யோசித்தது வேறு மாதிரி: ஒட்டுவதற்குத் தலையே வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினால் உறைமேல் கட்டணம் அச்சாக வேண்டும், எவ்வளவு அச்சானது என்று உள்ளே பூட்டிய ஒரு மீட்டர் கணக்கு வைக்க வேண்டும். 1902-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்றால், பதினெட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை! சோதனை நடக்கும், அதிகாரிகள் தலையாட்டுவார்கள், அனுமதி மட்டும் வராது. மெஷினில் பெரிய குறை இருந்து அது தடைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அஞ்சல் துறையின் உள்ளே ஆள் பிடித்து, சட்டத்தை மாற்ற வைக்கும் திறமை பிட்னிக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் திறமை இருந்தவர் போஸ். 1882-ல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அடிப்படையில் விற்பனையாளர், உறைகளில் முகவரி அடிக்கும் மெஷின்களை விற்றுத் திரிந்தவர். பிறகு, தபால்தலைமேல் ரத்து முத்திரை குத்தும் மெஷின்கள் செய்த யுனிவர்சல் ஸ்டாம்பிங் மெஷின் கம்பெனியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த மெஷின்களுக்கு வாடிக்கையாளர் யார்? அஞ்சல் துறையேதான். ஆக, வாஷிங்டனில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், யாரிடம் எப்போது பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கும் ஒரு யோசனை இருந்தது: தலையை ஒட்டி, பிறகு அதை ரத்து செய்து என்று இரண்டு வேலை எதற்கு, முத்திரையையே கட்டணமாக ஆக்கிவிட்டால் என்ன? ஆனால் கணக்கு வைக்கும் நம்பகமான மீட்டர் அவரிடம் இல்லை. பிட்னியிடம் இருந்தது.

1920 ஏப்ரல் 23-ல் இரண்டு கம்பெனிகளும் இணைந்து பிட்னி போஸ் ஆனது. அதே வருஷம் செப்டம்பர் 1-ல் அவர்களுடைய 'மாடல் எம்' மெஷினுக்கு அனுமதி, நவம்பர் 16-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் முதல் மீட்டர் கடிதம். பதினெட்டு வருஷம் நகராத தேர், போஸ் வடம் பிடித்ததும் ஒரே வருஷத்தில் நிலைக்கு வந்துவிட்டது. இருவரும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம். 1924-ல் பிட்னி வெளியேறிவிட்டார், 1933-ல் இறந்தும் போனார். கம்பெனி போஸ் குடும்பத்தின் பக்கம் நின்றது. பின்னாளில் அதைப் பெரிய நிறுவனமாக்கிய தலைவர் வால்டர் வீலர், போஸுடைய மனைவியின் முதல் திருமணத்து மகன்.

நம் ஊரில் வங்கியிலிருந்தோ காப்பீட்டுக் கம்பெனியிலிருந்தோ வரும் கடிதத்தில், தலைக்குப் பதில் சிவப்பு மையில் ஒரு அச்சு இருக்குமே, ஃபிராங்கிங் என்போம், அந்த வகையறாதான் இது. அமெரிக்காவில் இதில் ஒரு வினோத விதி உண்டு. மெஷினை நீங்கள் வாங்க முடியாது, வாடகைக்கு மட்டும்தான் எடுக்கலாம், இன்றைக்கும் அப்படித்தான். காரணம் மறுபடியும் அதேதான், பணம் அடிக்கும் மெஷின் யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. இந்த விதியால் பிட்னி போஸுக்கு மாதாமாதம் வாடகை கொட்டியது. மீட்டரில் பணம் தீர்ந்தால் அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1970-களின் இறுதியில்தான் தொலைபேசி வழியே பணம் ஏற்றும் வசதி வந்தது.

இனி சலீம் காரா. 1994 ஜனவரியில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1996 ஏப்ரல் 23-ல் வழங்கப்பட்டது (பிட்னி போஸ் பிறந்த அதே தேதி, தற்செயல்தான்). தபால்களில் கட்டணத்தைத் தானாக அச்சிடும் முறை என்பது அதன் சாரம். அந்தக் காப்புரிமையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒரு பட்டன். டாலஸ் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனி, நாணயம் அளவில் ஒரு எஃகுக் குப்பிக்குள் நினைவகச் சிப்பை அடைத்து விற்றது. அந்தப் பட்டனைப் பணப்பை ஆக்கினார் காரா. பட்டனைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பணத்தைக் கொடுத்தால் தொகையை அதில் ஏற்றித் தருவார்கள். வீட்டுக்கு வந்து கணினியோடு இணைத்தால், கடிதம் அடிக்கும் மென்பொருள் முகவரியோடு கட்டணத்தையும் சேர்த்து அச்சிடும், பட்டனிலிருந்து அந்தத் தொகை கழியும். யோசித்துப் பாருங்கள், வீட்டில் இணையம் இருப்பதே அபூர்வமான 1994 அது! மீட்டரைத் தூக்கிக்கொண்டு போன பழைய பழக்கத்தை அப்படியே எடுத்து, கனத்தை மட்டும் இறக்கி வைத்திருக்கிறார்.

ஹூஸ்டனில் சிறிதாகத் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் இ-ஸ்டாம்ப் ஆனது, கலிஃபோர்னியாவுக்கும் இடம் மாறியது. 1997-ல் மைக்ரோசாஃப்ட் அதில் பங்கு வாங்கியது. நம் பத்திரப் பதிவில் வரும் இ-ஸ்டாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முத்திரைத்தாள், இது தபால். ஆனால் தெல்கி முத்திரைத்தாள் மோசடி நினைவிருந்தால், அமெரிக்க அஞ்சல் துறை எதற்குப் பயந்தது என்பது சட்டென்று புரிந்துவிடும்.

அதே சமயத்தில் அஞ்சல் துறையே மாற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய இயந்திர மீட்டர்களில் பூட்டைத் திறந்து கணக்கைத் திருப்பி வைக்கும் மோசடி பெருகிவிட்டதால், 1990-களின் இறுதிக்குள் அவற்றையெல்லாம் ஓரங்கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அச்சும் தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்று விதிகளை எழுதினார்கள். இந்த யோசனை திடீரென்று முளைத்ததில்லை. பிட்னி போஸில் இருந்த ஹோசே பாஸ்டர் கிரிப்டோபோஸ்ட் என்ற பெயரில் 1990-களின் தொடக்கத்திலேயே இதை எழுதியிருந்தார், டக் டைகர் முதலான ஆய்வாளர்களும் 1996-ல் இதே திசையில் வேலை செய்தார்கள்.

எப்படி நிரூபிக்கும்? தபால்தலை இருக்க வேண்டிய மூலையில் ஒரு இருபரிமாண பார்கோடு அச்சாகும். எந்தக் கருவி அச்சிட்டது, எவ்வளவு தொகை, என்ன தேதி, இவற்றோடு இரண்டு கணக்குகளும் அதற்குள் இருக்கும். ஒன்று ஏறு கணக்கு, இதுவரை செலவான மொத்தம். இன்னொன்று இறங்கு கணக்கு, மீதம் இருப்பது. ஒரு தலை அச்சானதும் முன்னது கூடும், பின்னது அதே அளவு குறையும். இரண்டையும் கூட்டினால் நீங்கள் இதுவரை ஏற்றிய பணத்துக்குச் சரியாக வர வேண்டும், பைசா பிசகினால் மாட்டிக்கொள்வீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டிஜிட்டல் கையொப்பம். கையொப்பம் போடும் ரகசிய எண் பாதுகாப்புக் கருவிக்குள் மட்டும்தான் இருக்கும், வெளியே எடுக்க முயன்றால் அது அழிந்துபோக வேண்டும் என்பது விதி. பார்கோடு மாதிரி எதையாவது வரைந்துவிடலாம், கையொப்பத்தைப் போலி செய்வது நடக்கிற காரியமில்லை.

அந்தப் பாதுகாப்புக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு கம்பெனிகளும் பிரிந்தன, அவற்றின் தலைவிதியும் பிரிந்தது. இ-ஸ்டாம்ப் பழைய பட்டன் யோசனையை விடவில்லை. கணினியில் பிரிண்டர் சொருகும் பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற ஒரு சின்னக் கருவி, அதற்குள் பணமும் ரகசிய எண்ணும் இருக்கும் பெட்டகம், இணையம் வழியே அதில் பணம் ஏற்றம். ஸ்டாம்ப்ஸ்.காம், கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்த மூன்று மாணவர்கள் 1996-ல் வேறு பெயரில் தொடங்கியது. அவர்கள் பெட்டகத்தைத் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் வீட்டில் மென்பொருள் மட்டும்தான். 1999 ஆகஸ்ட் 9-ல் இரண்டுக்கும் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. இ-ஸ்டாம்ப் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அட்டைப்பெட்டியில் டாங்கிள் அனுப்ப வேண்டும், அது அவருடைய பிரிண்டரோடு சண்டை போடாமல் ஓட வேண்டும். ஸ்டாம்ப்ஸ்.காமுக்கு ஒரு டவுன்லோடு போதும்.

இந்த ஒன்றால் மட்டும் இ-ஸ்டாம்ப் தோற்றது என்று சொல்வார்கள், நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு ஒரு கடிதத்துக்கு 33 சென்ட். அதை வீட்டில் அச்சடிக்கச் சேவைக் கட்டணம் பத்து சதவீதம் போலக் கூடுதல். தபால் நிலையத்தில் தலை வாங்கினால் கூடுதல் எதுவும் கிடையாது, அழகான படம் வேறு. மாதம் பத்துக் கடிதம் போடும் குடும்பத்துக்கு இது எதற்கு? இரண்டு கம்பெனிகளும் தவறான ஆளிடம் தவறான பொருளை விற்றன என்பதுதான் என் அபிப்பிராயம். போதாக்குறைக்கு 1999 ஜூனிலேயே பிட்னி போஸ் தன் காப்புரிமைகளை மீறியதாக இரண்டு பேர் மேலும் வழக்குப் போட்டிருந்தது. எழுபத்தொன்பது வருஷத்துக்கு முன் தானே வாசலில் காத்து நின்ற கம்பெனி இப்போது காவலாளி ஆகிவிட்டது.

பங்குச்சந்தைக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. 1999 ஜூனில் ஸ்டாம்ப்ஸ்.காம் 11 டாலருக்குப் பங்கு வெளியிட்டது, நவம்பரில் விலை 100 டாலரைத் தொடுகிற அளவுக்குப் போனது. அக்டோபரில் இ-ஸ்டாம்ப் 17 டாலருக்கு வெளியிட்டது. அடுத்த வருஷம் இணையக் கம்பெனிப் பங்குகளின் குமிழி உடைந்தது. 2000 கடைசியில் தபால்தலைத் தொழிலையே விட்டுவிடுவதாக இ-ஸ்டாம்ப் அறிவித்தது. 2001-ல் அதன் காப்புரிமைகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது யார் தெரியுமா, ஸ்டாம்ப்ஸ்.காம். அதாவது 1996-ல் காரா பெயரில் வழங்கப்பட்ட அந்த ஆரம்பக் காப்புரிமை, போட்டிக் கம்பெனியின் அலமாரிக்குப் போய்விட்டது. எஞ்சிய இ-ஸ்டாம்ப், இணையவழிப் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தோடு இணைந்து காணாமல் போனது. அவர் பெயர் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டீர்களே, பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது. காரா அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காரா டெக்னாலஜி என்ற பெயரில் அவர் எடுத்த அடுத்த காப்புரிமைகள் வேறொரு சிக்கலைத் தீர்க்கப் பார்த்தன. முதல் தலைமுறை முறையில் தபால்தலையும் பெறுநர் முகவரியும் பிணைந்திருந்தன. பார்கோடுக்குள் போய்ச்சேரும் ஊரின் ஜிப் கோடும் (நம் பின்கோடு மாதிரி) இருக்கும், அதனால் ஒருவருக்கு அச்சடித்ததை இன்னொருவருக்கு ஒட்ட முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, வசதிக்குக் கெட்டது. சாதாரணத் தலை மாதிரி ஒரு தாள் அச்சடித்து மேசையில் வைத்துக்கொண்டு வேண்டும்போது உரித்து ஒட்ட வழியில்லை. காராவின் வழி: லேபிள் தாளிலேயே முன்கூட்டியே ஏதாவது ஒரு தகவலை, வரிசை எண் மாதிரி, அச்சிட்டு வைத்துவிடுவது, அந்தத் தகவலோடு கட்டணத்தைப் பிணைப்பது. முகவரி பார்த்த வேலையைத் தாள் பார்க்கும்.

2002-ல் ஸ்டாம்ப்ஸ்.காம் நெட்ஸ்டாம்ப்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வரிசை எண் அச்சிட்ட லேபிள் தாள், அந்த எண்ணை மென்பொருளில் கொடுத்தால் எந்த உறையிலும் ஒட்டக்கூடிய தலைகள் அச்சாகும். 2004-ல் காரா வழக்குப் போட்டார். கலிஃபோர்னியாவில் ஜூரி, மீறல் இல்லை என்றது. ஆனால் கீழ் நீதிமன்றம் காப்புரிமையின் வாசகத்துக்குக் கொடுத்த பொருளே மிகக் குறுகலானது என்று மேல்முறையீட்டில் வாதிட்டார். முன்னரே அச்சிட்ட தகவலுக்குள் ஒரு மறைகுறியீட்டுச் சாவி இருந்தே தீர வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் எடுத்துக்கொண்டிருந்தது. 2009 செப்டம்பரில், காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் இதில் காரா பக்கம் நின்றது: விளக்கத்தில் அவர் காட்டியது ஒரு உதாரணம்தான், அந்த உதாரணத்துக்குள்ளேயே அவருடைய உரிமையை அடைத்துவிட முடியாது, மீறல் கேள்வியை மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. காப்புரிமை வழக்கறிஞர்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். தபால்தலை உலகில் மறக்கப்பட்ட பெயர், சட்டப் புத்தகத்தில் ஒரு வழக்கின் பெயராக நிலைத்திருக்கிறது.

அப்புறம் ஸ்டாம்ப்ஸ்.காம் எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். பொறுமையாக ஆட்களைக் குறைத்தது, சதவீதக் கட்டணத்தை விட்டு மாதக் கட்டணத்துக்கு மாறியது, கடிதத்தை விட்டுப் பார்சலுக்கு நகர்ந்தது. இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 2004-ல் நம் சொந்தப் படத்தையே தலையாக அடித்துத் தரும் ஃபோட்டோஸ்டாம்ப்ஸை அறிமுகம் செய்தார்கள், குழந்தைப் படமும் கல்யாணப் படமும் வரும் என்று. ஒரு செய்தித் தளம், குண்டு வைத்துக் கைதான யூனாபாம்பரின் இளவயதுப் படம், யூகோஸ்லாவிய முன்னாள் அதிபர் மிலோசெவிச் படம், கிளின்டன் விவகாரத்தில் பேசப்பட்ட மோனிகா லெவின்ஸ்கியின் அந்த நீல உடை என்று அனுப்பிப் பார்த்தது. எல்லாம் தலையாக அச்சாகி வந்துவிட்டன! சோதனை முறையில் நடந்த ஃபோட்டோஸ்டாம்ப்ஸ் நிறுத்தப்பட்டு, அடுத்த வருஷம் கூடுதல் கண்காணிப்போடு திரும்பி வந்தது. 2020-ல் அஞ்சல் துறை அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது.

காப்பாற்றியது இபே மாதிரித் தளங்களில் விற்கும் சின்ன வியாபாரிகள்தான். வீட்டிலிருந்து தினம் முப்பது பார்சல் அனுப்புகிறவருக்கு எடை, கட்டணம், முகவரி, தலை எல்லாம் ஒரே லேபிளில் வேண்டும். நானும் கொஞ்ச காலம் பழைய புத்தகம் விற்றவன், இரவில் லேபிள் அடித்து வாசலில் வைத்துவிட்டால் காலையில் தபால்காரர் எடுத்துப் போய்விடுவார், அந்த நிம்மதிக்கு மாதம் பதினைந்து பதினாறு டாலர் கொடுப்பது பெரிதாகத் தோன்றவில்லை. இந்தச் சந்தையை முதலிலேயே மோப்பம் பிடித்தது எண்டிஷியா என்ற போட்டிக் கம்பெனி. 2015-ல் அதையும் ஸ்டாம்ப்ஸ்.காம் 21.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. 2019 பிப்ரவரியில் அஞ்சல் துறையோடு இருந்த பிரத்யேக உறவை விடுவதாகச் சொன்னதும் பங்கு ஒரே நாளில் பாதிக்குமேல் சரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கம்பெனியின் மதிப்பு அஞ்சல் துறையின் தயவில்தான் தொங்கியது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. ஆனாலும் எழுந்தார்கள், 2021-ல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் 660 கோடி டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கியது.

இனி ஜெராக்ஸ். கையொப்பம் சரியாக இருக்கும் அசல் பார்கோடையே நகலெடுத்தால் கையொப்பமும் சரியாகத்தானே இருக்கும் என்று நீங்கள் யோசித்தது நியாயம்தான். கையொப்பம் போலியைத்தான் தடுக்கும், நகலைத் தடுக்காது. நகலைப் பிடிப்பது வேறு வழியில். ஒவ்வொரு அச்சும் தனி எண் உடையது, ஏறு கணக்கில் அதே தொகை இரண்டாம் முறை வரவே முடியாது. தரம்பிரிக்கும் மெஷின்கள் படிக்கும்போது ஒரே அடையாளம் இரண்டு உறையில் வந்தால் தெரிந்துவிடும், எந்தக் கணக்கிலிருந்து அச்சானது என்பதும் அதிலேயே இருப்பதால் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. முகவரியோடு பிணைந்த லேபிள் என்றால் நகலை அதே ஊருக்குத்தான் அனுப்ப முடியும், வரிசை எண் தாள் என்றால் நகலில் எண்ணும் அப்படியே வரும். எல்லா உறையையும் எல்லா நேரமும் சரிபார்க்கிறார்கள் என்று இல்லை, ஒன்றிரண்டு தப்பிப் போகலாம். ஆனால் 2023 ஜூலையிலிருந்து விதி இன்னும் கடுமை: போலிக் கட்டணம் ஒட்டிய பார்சலை அனுப்பியவருக்குத் திருப்பித் தர மாட்டார்கள், பெறுநரிடமும் சேர்க்க மாட்டார்கள். கைவிடப்பட்ட பொருளாகக் கருதி, திறந்து பார்த்து, அவர்களே ஏதாவது செய்துகொள்வார்கள். உள்ளே இருக்கும் பொருள் போனது போனதுதான், வழக்கு வந்தால் அது தனி.